தில்லி ஃபிளாட்டில் ஒரு துடுப்பு

2024 நவம்பர் 18 அன்று தில்லியின் காற்றுத் தரக் குறியீடு 494. அளவுகோலே 500-உடன் முடிந்துவிடுகிறது. அன்று காலையிலும் லோதி தோட்டத்தில் நடக்கப் போனவர்களை மெச்சுவதா, கடிந்துகொள்வதா என்று எனக்குத் தெரியவில்லை. இப்படியான வாரங்களில்தான் மயூர் விஹாரிலும் துவாரகாவிலும் வீட்டுக்குள்ளேயே உடற்பயிற்சி செய்யும் யோசனை சூடுபிடிக்கும். டிரெட்மில் வாங்கி அதில் துண்டு காயப்போட்டவர்கள் இப்போது துடுப்பு வலிக்கும் ரோயிங் மெஷின் பக்கம் திரும்பியிருக்கிறார்கள்.

திரும்பலாம், தப்பில்லை. துடுப்பு வலிப்பது கைவேலை என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் முதலில் கால் தள்ளுகிறது, அடுத்து முதுகு சாய்கிறது, கை கடைசியில்தான் மடங்குகிறது. ஓடும்போது போல் பாதம் தரையில் மோதுவதும் இல்லை. ஆனால் வாங்கத் துடிக்கும் காரணத்தையே முதலில் விசாரிக்க வேண்டும். ஜன்னலைச் சாத்திவிட்டால் மாசு வெளியே நின்றுவிடாது. தில்லி வளர்ச்சி ஆணையம் (டி.டி.ஏ.) கட்டிய ஃபிளாட்டின் கதவிடுக்கு பி.எம். 2.5 நுண்துகளுக்கு ராஜபாட்டை. சும்மா உட்கார்ந்திருப்பவர் நிமிடத்துக்கு ஏழெட்டு லிட்டர் காற்றை இழுக்கிறார். மூச்சு வாங்கத் துடுப்பு வலிப்பவர் 60 லிட்டருக்கு மேல் இழுக்கிறார். ஆகவே அதே அறையில் காற்றுச் சுத்திகரிப்பான் இல்லையென்றால், இந்தக் கருவி தில்லியை இன்னும் அதிகமாகக் குடிக்க வைக்கும், அவ்வளவுதான். மெஷினின் விலையைக் கேட்கும்போதே சுத்திகரிப்பானின் விலையையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

இனி கருவிகள். ஹைட்ராலிக் பிஸ்டன் வைத்தவை சின்னவை, மலிவானவை, கட்டிலுக்கு அடியில் போகும். பத்து நிமிடத்தில் எண்ணெய் சூடேறி எதிர்ப்பு தளர்ந்துவிடும். அவற்றைப் பற்றி இதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

தண்ணீர்த் தொட்டி வைத்தவை அழகு. மரச்சட்டமும் சளப் சளப் என்ற ஓசையும் சேர்ந்தால், 1867-இல் தொடங்கிய மெட்ராஸ் போட் கிளப்காரர்கள் அடையாற்றில் அனுபவித்ததில் ஒரு துளி நம் வரவேற்பறைக்கே வந்ததுபோல இருக்கும். யமுனையில் நுரையைத்தான் பார்க்கிறோம் என்பதால் தில்லிக்காரருக்கு இந்த மயக்கம் கொஞ்சம் கூடுதல். ஆனால் தொட்டியில் பாசி பிடிக்காமலிருக்க அவ்வப்போது குளோரின் மாத்திரை போட வேண்டும், வெயில் படாத மூலை தேட வேண்டும். மீன் வளர்ப்பவருக்கு இருக்கிற பொறுமை இதற்கும் தேவை.

உண்மையான போட்டி காந்தத்தால் எதிர்ப்பு தரும் வகைக்கும் விசிறிக் காற்றால் எதிர்ப்பு தரும் வகைக்கும்தான். காந்த வகை கிட்டத்தட்ட ஓசையே இல்லாதது. இருக்கை உருளும் சத்தம் மட்டும் கேட்கும். சுவருக்கு அந்தப் பக்கம் பிளஸ் டூ பையன் படிக்கும் வீட்டில் இதைவிடப் பெரிய தகுதி கிடையாது. குறை, அதன் திரையில் இருக்கிறது. மலிவான காந்த மெஷின் காட்டும் தூரத்தையும் கலோரியையும் இன்னொரு மெஷினோடு ஒப்பிட முடியாது. இந்த மாதம் முன்னேறினோமா என்று கேட்டால் அதனிடம் நேர்மையான பதில் இல்லை.

காற்று வகையில் அளவுகோலாக நிற்பது, 1981-இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் டிரைசிகாக்கர் சகோதரர்கள் சைக்கிள் சக்கரத்தை வைத்துத் தொடங்கிய கான்செப்ட் டூ மெஷின். உலகெங்கும் படகு அணிகள் வீரர்களை எடைபோடுவது இதில் எடுக்கும் 2000 மீட்டர் நேரத்தைப் பார்த்துத்தான். அதன் கெட்டிக்காரத்தனம் இதுதான்: ஒவ்வொரு இழுப்புக்குப் பிறகும் விசிறிச் சக்கரம் எவ்வளவு வேகமாகத் தளர்கிறது என்று அளந்து, அதை வைத்தே நம் உழைப்பைக் கணக்கிடுகிறது. 45 டிகிரி மே மாதக் காற்று, 5 டிகிரி ஜனவரிக் காற்றைவிட எட்டில் ஒரு பங்கு அடர்த்தி குறைந்தது. தில்லியின் இந்த இரண்டு முனையிலும் மீட்டர் ஏமாறுவதில்லை. 500 மீட்டரை 2 நிமிடம் 30 விநாடியில் கடப்பவர் 104 வாட் செலவிடுகிறார். 2 நிமிடத்துக்கு இறங்க 203 வாட், ஏறக்குறைய இரு மடங்கு வேண்டும். இந்தக் கண்டிப்புதான் ஆளை மறுநாளும் உட்கார வைக்கிறது. விசிறியின் பக்கத்தில் இருக்கும் காற்று நெம்புகோலை உச்சமான 10-இல் தள்ளிவிட்டுப் பெருமைப்படுவோர் ஜிம்முக்கு ஒருவர் உண்டு. அது படகைக் கனமாக்குமே தவிர ஆளை வேகமாக்காது. 3 முதல் 5 போதும்.

குறைகளும் சின்னவை அல்ல. விசிறியின் இரைச்சலில் டி.வி. கேட்காது. நம்மூர்த் தூசி விசிறிக்கூண்டில் படிந்து காற்றோட்டத்தைக் குறைக்கும், அவ்வப்போது வாக்குவம் பிடிக்க வேண்டும். விலை லட்சத்தைத் தாண்டும். இருக்கை தரையிலிருந்து 14 அங்குலம்தான். ஓய்வுபெற்ற ஆர்.கே. புரம் மாமாவுக்கு உட்காருவது சுலபம், எழுந்திருப்பதுதான் சிரமம். அவர் 20 அங்குல உயர வகையைக் கேட்டு வாங்கட்டும்.

என் தீர்ப்பு காற்றுக்கே. நல்ல நிலையில் பழையது கிடைத்தால் அதுவே மேல். விதிவிலக்கு ஒன்றுதான்: வீடு உறங்கும் நேரம் மட்டுமே உங்களுக்கு வாய்க்குமென்றால் காந்தம். சத்தத்துக்குப் பயந்து தொடாமல் விட்ட உயர்ந்த மெஷினைவிட, தினமும் ஓடும் சுமாரான மெஷின் மேல் என்று காந்தக் கட்சியினர் சொல்வதை அங்கே மறுக்க முடியாது.

ஆர்டர் கொடுக்கும் முன் ஒரு சோதனை. மெஷின் 8 அடி நீளம், புழங்க 9 அடிக்கு 4 அடி வேண்டும். அந்த அளவுக்குச் செய்தித்தாளை ஹாலில் விரித்து ஒரு வாரம் விட்டுவையுங்கள். வீட்டில் யாரும் அதைச் சுருட்டிப் பழைய பேப்பர்காரரிடம் போடாமல் இருந்தால், பணத்தை எடுக்கலாம்.