செங்கோட்டை பாரக்ஸ்: இடிக்கலாமா?

டெல்லி செங்கோட்டைக்குள் வரிசையாக நிற்கும் அந்த நெடிய ராணுவ பாரக்ஸ் கட்டடங்களை இடித்துவிட்டு முகலாயத் தோட்டத்தை மீட்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

ஷாஜகான் 1648-ல் குடிபுகுந்த அரண்மனை இது. 1857 எழுச்சியை ஒடுக்கிய ஆங்கிலேயர் அதன் உட்பகுதியில் பெரும்பாலானவற்றைத் தரைமட்டமாக்கினார்கள். அந்தப்புர முற்றங்களும் மெஹ்தாப் தோட்டமும் சண்டையில் அழியவில்லை. வென்ற பிறகு, இந்த பாரக்ஸுக்கு இடம் செய்ய, நிதானமாக அழிக்கப்பட்டன. பிரிட்டிஷ்காரரான ஜேம்ஸ் பெர்குசனே 1876-ல் வந்த தம் கட்டடக்கலை வரலாற்றில் இதைக் கடுமையாகக் கண்டித்தார். கடைசி முகலாய மன்னர் பகதூர் ஷா கட்டிய ஜாபர் மகாலைச் சூழ்ந்த தடாகம் சிப்பாய்கள் நீந்தும் குளமானது. தாழ்ந்த மண்டபங்களும் நீரோடைகளும் கொண்ட இடத்தில் இந்த அடுக்குமாடிகள் பார்வையை மறிக்கின்றன. இடம் பார்த்துக் கட்டியவை என்று இவற்றைச் சொல்லவே முடியாது.

ஆனால் வெள்ளைக்கார சிப்பாய் தங்கும் இடம் என்ற அளவில் பார்த்தால் கதை வேறு. ராணுவத்தின் சுகாதார நிலையை ஆராய 1859-ல் அமைக்கப்பட்ட அரச ஆணையம், இந்தியாவில் ஆங்கிலேயச் சிப்பாய்கள் ஆண்டுக்கு 1,000-க்கு 69 பேர் சாகிறார்கள் என்று 1863-ல் அறிக்கை தந்தது. காலராவும் சீதபேதியும் காய்ச்சலும் கொன்றவர்களே மிகுதி. உயர்ந்த கூரை, சுற்றிலும் வளைவுத் தாழ்வாரம், எதிரெதிர் ஜன்னல்கள், மாடியில் படுக்கை: அக்காலத்து பாரக்ஸ் அமைப்பில் ஒவ்வொன்றுக்கும் ஒரு மருத்துவக் காரணம் உண்டு. ஆனால் இந்தக் கரிசனம் நிறம் பார்த்து வந்தது. இந்தியச் சிப்பாய்க்குக் கிடைத்தது குடிசைப் படிதான். அதை வைத்து அவனே தன் குடிசையைக் கட்டிக்கொள்ள வேண்டும். என் கணக்கில் இக்கட்டடங்களின் பெரிய குறை அழகின்மை அல்ல, இந்தப் பாகுபாடுதான்.

அப்படியானால் இடித்துவிடலாமா? கூடாது. ஆங்கிலேயருக்கு எதிராகப் போரிட்ட இந்திய தேசிய ராணுவத்தின் அதிகாரிகளான ஷா நவாஸ் கான், சேகல், தில்லான் மூவர் மீதும் 1945 நவம்பரில் வழக்கு தொடங்கியது இந்தக் கோட்டைக்குள்தான், பாரக்ஸே நீதிமன்றமானது. மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் ஏராளமாகச் சேர்ந்த படை அது. அடக்குவதற்குக் கட்டிய சுவர்களுக்குள்ளேயே ஆங்கிலேய ஆட்சி தன் நியாயத்தை இழந்தது. அந்தச் சாட்சியத்தை இடித்துவிட்டு நாம் பெறப்போவது ஷாஜகானின் அரண்மனை அல்ல, அதன் போலி மட்டுமே.

2003-ல் ராணுவம் வெளியேறியது. 2019-ல் சில பாரக்ஸ் அருங்காட்சியகங்களாயின. நல்ல முடிவு, ஆனால் போதாது. அழிந்த முற்றங்களின் பழைய வரைபடங்கள் இருக்கின்றன; அவற்றின் எல்லைகளை மண்ணில் கல் பதித்துக் காட்ட வேண்டும். ஒரு பாரக்ஸையாவது தடுப்புகளும் விளக்குப் பெட்டிகளும் இல்லாமல் வெறும் கூடமாக விட்டு, எதை இடித்து யாருக்காகக் கட்டினார்கள் என்பதை வாசலிலேயே எழுதி வைக்க வேண்டும்.