எந்தத் தண்ணீருக்கு எந்தப் படை

சிவிலைசேஷன் போன்ற, முறைவைத்து ஆடும் விளையாட்டுகளில் ஒருவருடைய தரம் சண்டை நடக்கும்போது தெரிவதில்லை. அதற்குப் பத்து முறை முன்னதாக, நகரத்தின் உற்பத்திப் பட்டியலைத் திறந்து அவர் எந்த யூனிட்டைத் தொடுகிறார் என்று பார்த்தால் போதும். பழகாத கை பெரிய எண்ணைத் தேடும். பழகிய கை பட்டியலை மூடிவிட்டு வரைபடத்துக்குத் திரும்பும். குன்று எங்கே, ஆறு எங்கே, எதிரி எந்த வழியால் வருவான், அடிபட்ட படை எங்கே போய் ஆறும் என்று பார்த்த பிறகே பட்டியலுக்கு வரும். இந்தத் தயக்கத்தைத்தான் நான் ரசிப்பது. பின்னால் நின்று பார்க்கிற பெடியளுக்கு ஒன்றும் நடக்காதது போல இருக்கும். 'அண்ணா, அடியுங்கோவன்' என்பார்கள்.

2016இல் வந்த ஆறாவது பதிப்பின் கணக்கைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒவ்வொரு யூனிட்டுக்கும் உயிர் 100. வலிமை சமமான இருவர் நேருக்கு நேர் மோதினால் ஆளுக்கு ஏறத்தாழ 30 குறையும். ஒருவருக்கு 10 புள்ளி கூடினால் அவர் 45 அளவுக்கு அடித்து, 20 அளவுக்கே வாங்குவார். பத்துப் புள்ளிக்குள் இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம் ஒளிந்திருக்கிறது. அந்தப் பத்தை யூனிட் அட்டையில் அச்சிட்ட எண்ணில் மட்டும் தேடுகிறவர் இரும்புக்கும் பொன்னுக்கும் அலைவார். நல்ல ஆட்டக்காரர் அதை அங்குமிங்குமாகப் பொறுக்குவார்: குதிரைப்படைக்கு முன்னால் ஈட்டிக்காரனுக்கு 10, குன்றில் நின்று தடுத்தால் 3, உரிய ஆய்வு முடிந்த பிறகு பக்கத்தில் நிற்கும் துணைக்கு 2.

கவண்காரனைப் பாருங்கள். உற்பத்தி விலை 35. எறியும் வலிமை 15, கைச்சண்டையில் வெறும் 5. கோடரியோடு வரும் முரடன் ஒருவன் கிட்ட வந்தால் தீர்ந்தது. ஆனால் இவன் கல்லால் யாராவது ஒருவன் விழுந்துவிட்டால் வில்வித்தை ஆய்வு வெகுவாகச் சுருங்கிவிடும். பிறகு கொஞ்சப் பொன் கொடுத்து இவனையே வில்லாளி ஆக்கலாம். வில்லாளிக்கு வலிமை 25, இரண்டு கட்டம் தள்ளி எய்வான். இருபதாவது முறையில் மூன்று வில்லாளி வைத்திருக்கிற நகரத்தை அந்தக் காலத்து எவனும் எளிதில் தொட முடியாது. விளையாட்டை வடிவமைத்தவர்கள் செய்தவற்றில் என் கணிப்பில் மிக அழகானது இந்த ஏழைக் கவண்காரன்தான். அவனை அவனுடைய இன்றைய எண்ணுக்காக எடுப்பதில்லை, நாளைய உருவுக்காக எடுக்கிறோம்.

யானை அப்படியல்ல. ஆறாவது பதிப்பில் இந்தியாவுக்குத் தனியாகக் கொடுத்த போர்யானைக்கு வலிமை 40, இரும்பு தேவையில்லை, அருகில் நிற்கிற எதிரிகளின் வலிமையில் 5 குறைத்துவிடும். தமிழ் வாசகருக்கு யானையைக் கண்டால் மனம் இளகத்தான் செய்யும். ஆனால் அது ஒரு முறைக்கு இரண்டு கட்டம்தான் நகரும். காட்டிலும் குன்றிலும் ஒன்று. வள்ளுவர் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று மூன்று அதிகாரங்களை 48, 49, 50 என அடுத்தடுத்து வைத்து, கடைசியில் சேற்றில் கால் புதைந்த யானையைக் கொண்டுவந்து நிறுத்தியது சும்மா இல்லை. கடலில் தேர் ஓடாது, நிலத்தில் கப்பல் ஓடாது என்பதும் அதே ஐம்பதாவது அதிகாரத்தில்தான் வருகிறது. யூனிட் அட்டையில் முதலாவது மட்டுமே அச்சாகியிருக்கும். மற்ற இரண்டையும் ஆடுகிறவர் தானே வாசித்துக்கொள்ள வேண்டும்.

அந்த வாசிப்பைக் கற்பதற்குத் திருகோணமலையை விட நல்ல இடம் இருக்கிறதா என்பது எனக்குச் சந்தேகம். கோணேசர் கோயில் மலையில் ஏறி நின்றால் ஒரு பக்கம் திறந்த வங்கக்கடல். மறு பக்கம் தரை வளைந்து வளைந்து கடலை உள்ளே இழுத்துவைத்திருக்கிறது: டச்சுக்குடா, உட்துறைமுகம், அதற்கப்பால் சீனன்குடா, தெற்கே மூதூர் வரை விரிகிற கொட்டியாரக்குடா. பெரிய கப்பலும் கரையை ஒட்டி நிற்குமளவு ஆழம். வடகீழ்ப் பருவக் காற்றில் இந்தியாவின் கிழக்குக் கரை முழுவதும் கப்பலுக்கு ஆகாமல் போகிறபோது இங்கே உள்ளே தண்ணீர் ஆடாது. 1624இல் போர்த்துக்கேயர் கோயிலை இடித்த கல்லால் மலையில் கோட்டை கட்டினார்கள். 1639இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். பிறகு வந்தவர்களும் இந்தத் தண்ணீருக்காகத்தான் வந்தார்கள்.

2010இல் ஐந்தாவது பதிப்பு வந்தபோது சிவிலைசேஷன் அறுகோணக் கட்டத்துக்கு மாறி, ஒரு கட்டத்தில் ஒரு போர்ப்படைதான் நிற்கலாம் என்று விதித்தது. அதுவரை ஐம்பது யூனிட்டை ஒரே கட்டத்தில் குவித்து உருட்டிக்கொண்டு போனவர்களுக்குக் கோபம். எனக்கு அதுதான் இந்த விளையாட்டில் நடந்த மிகப் பெரிய நல்ல காரியம். வாய் ஒடுங்கிய ஒரு துறைமுகத்துக்குள் நுழைய இரண்டே கட்டம் இருந்தால், வெளியே இருபது கப்பல் நின்றும் பயனில்லை. முன்னால் நிற்கிற இரண்டும் எவை என்பதே கேள்வி.

1782ஐ இந்தக் கண்ணோடு பாருங்கள். ஜனவரியில் பிரித்தானியக் கடற்படைத் தளபதி எட்வர்ட் ஹியூஸ் திருகோணமலையை ஒல்லாந்தரிடமிருந்து பிடித்தார். பிரெஞ்சுத் தளபதி சஃப்ரனுக்கு இந்தக் கரையில் ஒதுங்க ஒரு நல்ல துறைமுகம்கூட இல்லை. சதுரங்கப்பட்டினத்துக்கு அப்பால் ஒன்று, இலங்கையின் கிழக்குக் கரைக்கு அப்பால் ஒன்று, நாகப்பட்டினத்துக்கு அப்பால் ஒன்று என ஆறு மாதத்துக்குள் மூன்று சண்டை. மூன்றாவதுக்குப் பிறகு ஹியூஸ் சென்னையில் நின்று ஆறுதலாகக் கப்பலைப் பழுதுபார்த்தார். சஃப்ரன் கடலூரின் திறந்த கடலிலேயே கிடைத்த மரத்தையும் கயிற்றையும் வைத்து ஒட்டுப்போட்டு முந்திக்கொண்டார். ஆகஸ்ட் கடைசி வாரத்தில் திருகோணமலையில் ஆட்களை இறக்கினார். மாதம் முடியுமுன் கோட்டைகள் கைமாறின. ஹியூஸ் வந்து எட்டிப் பார்த்தது செப்டெம்பர் 2. கோட்டையில் பிரெஞ்சுக் கொடி.

அடுத்த நாள் நடந்த சண்டையில் சஃப்ரனிடம் 14 பெருங்கப்பல், ஹியூஸிடம் 12. எண்ணிக்கை பிரெஞ்சுப் பக்கம். ஆனால் பிரித்தானியக் கப்பல்களின் அடிப்பாகம் பெரும்பாலும் செப்புத்தகடு வேய்ந்தது. கடற்பாசியும் சிப்பியும் ஒட்டாது, ஒன்றுபோல் ஓடும். சஃப்ரனிடம் செப்பு வேய்ந்ததும் வேயாததும் கலந்து கிடந்தன. வரிசை பிடிக்கவே முடியவில்லை. எதிரியின் ஒரு கப்பலை இரண்டு பக்கமும் நின்று நெருக்குவது அவருக்குப் பிடித்த உத்தி, விளையாட்டிலும் அதற்குத்தான் பக்கத்தாக்குதல் புள்ளி கிடைக்கும். அதற்கு ஒரே வேகத்தில் வரக்கூடிய துணை வேண்டும். துணை பின்தங்கியது. அவருடைய கப்பலான ஹீரோஸ் நடுப் பாய்மரம் முறிந்து, ஓரிரு கப்பல்களோடு தனியே நின்று அடிவாங்கியது. வேகம் ஒவ்வாத நல்ல யூனிட்டுகள் பதினாலை விட, சேர்ந்து நகரும் சுமாரான பன்னிரண்டு மேல். இதை நான் ஒவ்வொரு புதிய ஆட்டக்காரரிடமும் சொல்வதுண்டு.

ஆனாலும் அன்று மாலை துறைமுகம் சஃப்ரனிடம்தான் இருந்தது. பருவக்காற்று நெருங்க, ஹியூஸ் இந்தியாவையே சுற்றிக்கொண்டு பம்பாய்க்குப் பழுதுபார்க்கப் போக வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டு சஃப்ரன் இங்கிருந்தே பாய் விரித்து, 1783 ஜூனில் கடலூருக்கு அப்பால் 18 கப்பலை 15 கப்பலால் எதிர்கொண்டு, முற்றுகையில் இருந்த தன் தரைப்படையைக் காப்பாற்றினார். இருவரும் மோதிய ஐந்து சண்டையிலும் ஒரு பெருங்கப்பல்கூட மூழ்கவில்லை, பிடிபடவில்லை. அடிபட்டதை எங்கே கொண்டுபோய் ஆற்றுவது என்பதே கதையை நடத்தியது. ஆறாவது பதிப்பில் கப்பல் நட்புக் கடலுக்குள் வந்தாலன்றிப் பொதுவாக உயிர் ஏறாது என்ற விதியைப் பலர் திட்டுவார்கள். நான் திட்டமாட்டேன்.

1942 வேறு பாடம். ஏப்ரல் 9 காலையில் ஜப்பானியத் தளபதி நகுமோவின் ஐந்து விமானந்தாங்கிகளிலிருந்து வந்த விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. முன்னெச்சரிக்கை கிடைத்து முதல் நாள் இரவே துறைமுகத்தை விட்டு வெளிக்கிட்ட பிரித்தானியக் கப்பல் ஹெர்மிஸ், மட்டக்களப்புக்கு அப்பால் கண்டுபிடிக்கப்பட்டு மூழ்கடிக்கப்பட்டது. காவலுக்குப் போன அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பல் வாம்பயரும் போனது. ஹெர்மிஸில் மட்டும் 300க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். விமானந்தாங்கியாகவே திட்டமிட்டுக் கட்டத் தொடங்கிய முதல் கப்பல் அது. அன்று அதில் ஒரு விமானமும் இல்லை. எல்லாம் சீனன்குடாவில் நின்றன. நின்றவையும் டோர்பிடோ போடுகிற சுவோர்ட்ஃபிஷ், எதிரி விமானத்தை விரட்டுகிற வகை இல்லை. பட்டியலில் 'விமானந்தாங்கி' என்ற பெயரைப் பார்த்துக் கட்டிவிட்டு, விமானத்துக்கு உற்பத்தி மிச்சமில்லாமல் நிற்கிற ஆட்டக்காரர்களைப் பார்க்கும்போது இந்தக் கப்பல்தான் நினைவுக்கு வரும்.

அதே வாரத்தில் பிரித்தானியக் கடற்படைத் தளபதி சோமர்வில் செய்த தெரிவு எனக்கு மிகவும் பிடித்தது, வீரம் என்று யாரும் அதைப் பாடமாட்டார்கள் என்றாலும். அவரிடம் ஐந்து போர்க்கப்பல்கள். ஐந்தும் முதல் உலகப்போர்க் காலத்தவை, ஒவ்வொன்றிலும் 15 அங்குலப் பீரங்கி எட்டு. அட்டையில் பயமுறுத்தும் எண். ஓட்டத்திலோ ஜப்பானியரைத் துரத்தவும் முடியாது, தப்பவும் முடியாது. அவர் வேகமானவற்றை ஓர் அணியாகவும் மெதுவானவற்றை இன்னோர் அணியாகவும் பிரித்தார். பிறகு மெதுவான நான்கு போர்க்கப்பல்களையும் கென்யாவின் கிலிண்டினிக்கு அனுப்பிவிட்டார். பலகையிலிருந்து ஒரு யூனிட்டை எடுத்து அப்பால் வைப்பதும் தெரிவுதான்.

சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளை ஊரில் எல்லோரும் பார்த்திருப்போம். இன்றிருப்பவை 99, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 தொன் கொள்ளும். 1942 தாக்குதலில் ஒரு தாங்கியின் மேல் ஜப்பானிய விமானம் விழுந்து எரிந்தது. உருகிச் சுருண்ட அதன் இரும்பு இன்றும் காட்டுக்குள் கிடக்கிறது. விளையாட்டு எரிபொருளைக் கணக்கில் எடுத்தது பிந்தித்தான்: ஆறாவது பதிப்புக்கு 2019இல் வந்த 'கேதரிங் ஸ்டோர்ம்' விரிவாக்கத்தில் நவீன யூனிட்டுகள் ஒவ்வொரு முறையும் எரிபொருள் குடிக்கும், கையிருப்பு தீர்ந்தால் வலிமை இறங்கும் என்று மாற்றினார்கள். அதன்பிறகுதான் பிற்காலத்துப் படைத்தெரிவு சுவைக்கத் தொடங்கியது. அதற்குமுன் கடைசி நூறு முறையும் பெரிய எண்ணின் ஊர்வலம்.

2025இல் வந்த ஏழாவது பதிப்பில் சோழர் ஒரு நாகரிகமாகவே வந்துவிட்டார்கள், அவர்களுக்கென்று தனிக் கப்பலோடு. நம்முடையது என்ற பாசத்தில் உள்நாட்டு வரைபடத்தில் அதைக் கட்டி ஏரிக்குள் விடாதீர்கள். கடலோரத்தில் தொடங்கியிருந்தால் கட்டுங்கள். ஆறாவது பதிப்பையே இன்னும் ஆடுகிறவர்களுக்கு என் சிபாரிசு: கரையோர ஆட்டத்தில் வெடியுப்புக் கிடைத்ததும் இரண்டு கட்டம் தள்ளிச் சுடுகிற ஃபிரிகேட் நான்கு, நெருங்கி வருவதைத் தடுக்க ஒரு காரவெல், அதற்கு மேல் வேண்டாம். ஆனால் முதல் ஃபிரிகேட்டைத் தொடுமுன், அடிபட்டு வரும் கப்பல் ஒதுங்க முன்கரையில் ஒரு நகரத்தையும் அதில் ஒரு துறைமுகத்தையும் கட்டிவிடுங்கள்.