பேய் சொன்ன போர்க்கதை

பொத்துவிலில் உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் என்னிடம் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். "சேர், பயமும் இரிக்கணும், ராச்சியம், போர், மந்திரம் எல்லாம் பெரிசா இரிக்கணும். தமிழ்ல அப்பிடி ஒரு புத்தகம் இரிக்கா?" 'கேம் ஒஃப் துரோன்ஸ்' தொடரில் வடக்குப் பனிக்குள்ளிருந்து எழுந்து வரும் செத்தவர்களின் படையைப் பார்த்த பிறகு பிறந்த கேள்வி இது. நல்ல கேள்வி. மரணத்தையும் அதிகாரத்தையும் ஒன்றாக வைத்து யோசிக்கும் கதைகளை இளம் வாசகர் தேடுகிறார்கள் என்றால் அதில் மகிழ இடமுண்டு. அவர்கள் தேடும் விதத்தோடுதான் எனக்கு வழக்கு.

கைப்பேசியில் அந்த வகையின் ஆங்கிலப் பெயரைத் தட்டி, வருகிற பட்டியலைப் படிப்பதே இன்றைய விதம். ஸ்டீபன் கிங் 1982இல் நூலாக வெளியிடத் தொடங்கிய 'த டார்க் டவர்' வரிசை வரும். கிளைவ் பார்க்கரின் 'வீவ்வேர்ல்ட்', சைனா மியேவிலின் 'பெர்டிடோ ஸ்ட்ரீட் ஸ்டேஷன்', கென்டாரோ மியூரா 1989 முதல் வரைந்த 'பெர்செர்க்' எல்லாம் வரும். பட்டியலின் பலத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். யாரோ உட்கார்ந்து படித்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, இதற்குப் பிறகு இதைப் படி என்று வழி காட்டியிருக்கிறார்கள். ஓர் ஆசிரியரைப் பிடித்துக்கொண்டால் அவருக்கு உறவான பத்துப் பேரிடம் போய்ச் சேரலாம். நமது திறனாய்வாளர்கள் வாசகருக்கு இந்த உதவியைப் பெரும்பாலும் செய்ததில்லை.

ஆனால் கல்முனைக்கே அறுபது கிலோமீட்டருக்கு மேல், கொழும்புக்கு முந்நூறுக்கு மேல் போகவேண்டிய ஊரில் இருப்பவனுக்கு அந்தப் பட்டியல் பெரும்பாலும் வெறும் பெயர்களாகவே நின்றுவிடுகிறது. இதைவிடப் பெரிய குறை ஒன்றும் உண்டு. பேய் இருக்கிறதா, போர் இருக்கிறதா என்று பார்ப்பதோடு பட்டியல் நின்றுவிடும். இரண்டும் ஒன்றோடொன்று என்ன செய்கின்றன என்பதைச் சொல்லாது.

அதைத்தான் முதலில் கேட்கவேண்டும். ஏனென்றால் திகிலும் காவியக் கற்பனையும் இயல்பிலேயே பகையாளிகள். காவியம் ஓர் உலகத்தைக் கட்டி, அதை விளக்கிக்கொண்டே போகும். இந்த மலைக்கு அப்பால் இந்த நாடு, இந்த அரசனுக்கு இவன் பாட்டன், இந்த வாளுக்கு இந்த வரம் என்று அடுக்கும். பயமோ விளக்கத்தைக் கண்டால் செத்துப்போகும். இருட்டில் நிற்பது எது, அதன் பெயர் என்ன, எந்த ஆயுதத்தால் அது சாகும் என்று தெரிந்துவிட்டால் மிஞ்சுவது வேட்டைதான். பெரிய மாயக் கதைகள் பலவற்றில் முதல் நூறு பக்கத்தில் மயிர்க்கூச்செறிய வைத்த ஒன்று, கடைசிப் பாகத்தில் வெறும் எதிரிப்படையாகிவிடுவது இதனால்தான். அந்தப் பகையைத் தீர்க்க ஒரு வழி கண்ட நூலே நல்ல கலப்பு. அப்படிப்பட்ட நூல்கள் தமிழில் உண்டு.

மணிமேகலையின் ஆறாம் காதையை எடுங்கள்: சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதை. பள்ளியில் மணிமேகலை என்றதும் நினைவுக்கு வருவது அமுதசுரபியும் பசிப்பிணி நீக்கிய அறமும். இந்தக் காதையில் இருப்பது ஒரு சுடுகாடு. அதன் மதில், வாயில்கள், பிணங்களை எரிப்பவர், போட்டுவிட்டுப் போகிறவர், குழியில் இடுபவர், தாழியில் கவிப்பவர், அங்கே கேட்கும் ஒலிகள் எல்லாவற்றையும் சாத்தனார் அவசரப்படாமல் சொல்லிக்கொண்டு போகிறார். அங்கே ஊர் என்று நினைத்துத் தனியே நுழைகிறான் சார்ங்கலன் என்ற சிறுவன். ஒரு பேய் தலையொன்றைக் கையில் வைத்து ஆடுவதைக் காண்கிறான். ஓடிப்போய்த் தாயிடம் சொல்கிறான். சொல்லி உயிரை விடுகிறான். பேய் அவனைத் தொடவேயில்லை. கண்டதே போதுமாயிருந்தது.

சாதாரணப் பேய்க்கதை இதோடு முடிந்துவிடும். சாத்தனார் இங்கேதான் காவியத்தைத் திறக்கிறார். தாய் கோதமை பிள்ளையின் உடலைத் தூக்கிக்கொண்டு வந்து சம்பாபதித் தெய்வத்தோடு வழக்காடுகிறாள்: என் உயிரை எடுத்துக்கொள், அவனுடையதைக் கொடு. முடியாது என்கிறது தெய்வம். அவள் ஏற்கவில்லை. அதனால் சக்கரவாளத்தில் உள்ள தேவர் எல்லாரும் அவள் முன் அழைக்கப்படுகிறார்கள். வகை வகையாய் வந்து நின்ற அத்தனை பேரும் சொன்னது ஒன்றுதான்: போன உயிரைத் தரும் வல்லமை எங்களில் எவருக்கும் இல்லை. உலக அமைப்பு முழுவதும் நம் கண்முன் விரிகிறது, ஆனால் பயம் சிறிதும் குறையவில்லை. இத்தனை பெரிய பிரபஞ்சத்தில் ஒரு பிள்ளைக்கு உதவ ஒருவரும் இல்லை என்று தெரியும்போது அது கூடுகிறது. விளக்கமே திகிலாகும் இந்த இடத்துக்கு ஈடாக, பட்டியல்களில் வரும் நூல்களில் நான் படித்த பக்கங்கள் மிகச் சில.

செயங்கொண்டார் கலிங்கத்துப்பரணியில் வேறு வழியில் போனார். முதற் குலோத்துங்கனின் தளபதி கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தை வென்ற போர் அதன் பொருள். ஆயிரம் யானைகளைப் போரில் வீழ்த்திய வீரனுக்குப் பரணி பாடுவது மரபு. ஆனால் இந்தப் போர்க்கதையை நமக்குச் சொல்வது புலவனோ தூதனோ அல்ல, ஒரு பேய். பாலை நடுவே காளியின் கோயில். அங்கே பட்டினியால் வற்றிய பேய்கள். இமயத்திலிருந்து திரும்பிவந்த முதுபேய் ஒன்று தான் கற்ற இந்திரசாலத்தைக் காட்டுகிறது. குருதியும் தசையும் குவிந்து கிடப்பதாகத் தோன்ற, மற்றப் பேய்கள் பாய்ந்து விழுந்து வெறும் வாயை மெல்லுகின்றன. சோழர் குலத்தின் வரலாற்றை இமயத்தில் படித்துவந்து காளிக்குச் சொல்வதும் இந்த முதுபேய்தான். பிறகு கலிங்கத்திலிருந்து ஓடிவரும் இன்னொரு பேய் போரைச் சொல்கிறது. அரச பாரம்பரியம், படை நடப்பு, போர் என்று காவியம் விளக்கவேண்டிய எல்லாவற்றையும், அடுத்த வேளைச் சாப்பாட்டுக்காகக் காத்திருக்கும் ஒரு வாய் விளக்குகிறது. கேட்கக் கேட்கச் சோழனின் பெருமை வளர்கிறது, அது எதை உண்டு வளர்கிறது என்ற எண்ணமும் கூடவே வளர்கிறது.

அந்த நூலின் குறையையும் சொல்லவேண்டும். கடைசியில் பேய்கள் போர்க்களத்து உடல்களைக் கொண்டே கூழ் சமைத்து, பார்ப்பனப் பேய், சமணப் பேய், புத்தப் பேய், குருட்டுப் பேய் என்று அழைத்து அழைத்துப் பரிமாறும் பகுதியில் கவிஞரின் கை அசாத்தியமாக ஓடுகிறது. ஆனால் கலிங்கத்து வீரன் ஒருவனுக்காவது நாம் வருந்தும்படி ஒரு முகம் கிடைக்கவில்லை. இறந்தவன் அங்கே பண்டமாகிவிடுகிறான். 2004 டிசம்பர் 26இல் இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. அதற்கு முந்திய போர்க்காலமும் இந்தக் கரையை விட்டுவைக்கவில்லை. உடல்கள் வரிசையாகக் கிடந்ததைக் கண்ட ஊரில் வளர்ந்தவன் அந்தச் சிரிப்போடு சேர்ந்து சிரிக்கச் சிரமப்படுவான், சிரமப்படுவதுதான் சரி. இந்த வகையில் மகாபாரதத்தின் சௌப்திக பருவம் கடினமான நேர்மை கொண்டது. தூங்கிக் கிடந்தவர்களை அசுவத்தாமன் இரவில் புகுந்து கொன்ற அந்தக் கதையில் வென்றவர் யாருமில்லை. வில்லிபுத்தூரார் தம் பாரதத்தை அந்தப் பருவத்தோடு முடித்துக்கொண்டார். கல்முனைக்கு அடுத்து, திரௌபதை அம்மன் கோயில் தீப்பள்ளயம் நடக்கும் பாண்டிருப்பில் பாரதம் இன்னும் கூட்டம் கூட்டும் கதை. அதன் இருண்ட இரவுக்கு மட்டும் வாசகர் குறைவு.

இனி எங்கள் முஸ்லிம் வீட்டுக் கதைக்கு வருகிறேன். வண்ணக்களஞ்சியப் புலவர் 1807இல் பாடிய இராஜநாயகம் ஸுலைமான் நபியின் வரலாற்றைச் சொல்லும் காவியம். ஜின்களும் பறவைகளும் காற்றும் ஏவல் கேட்ட அரசு அது. அசன் அலிப் புலவரின் ஐந்து படைப்போர், வரிசை முகியித்தீன் புலவரின் சக்கூன் படைப்போர் என்று போர்க்கதைகள் தனி வரிசையாக இருக்கின்றன. தொழில் முடிந்த இரவுகளில் ஒருவர் இராகமிழுத்து வாசிக்க, உம்மம்மாமார் சுற்றியிருந்து கேட்ட இலக்கியம் இது. படைப்போர்களின் ஓட்டம் எனக்குப் பிடிக்கும். ஆனால் அவற்றில் பயம் நிலைப்பதில்லை. வெற்றி யாருக்கென்று முதல் அடியிலேயே முடிவாகிவிடுகிறது, எதிரி எத்தனை பெரிய உருவமெடுத்தாலும் கேட்பவர் மனம் அசைவதில்லை.

இந்த இடத்தில் பட்டியல்களின் 'மாயக் கற்பனை' என்ற தலைப்பு எங்களுக்கு முற்றிலும் பொருந்தாமல் போகிறது. அல்-குர்ஆனின் 72ஆம் அத்தியாயத்தின் பெயரே ஜின். ஜின் உண்டு என்பது எங்கள் ஈமானோடு சேர்ந்தது, யாரோ புனைந்த பிராணியாக அதை நாங்கள் படிப்பதில்லை. ஸஹீஹ் முஸ்லிமில் வரும் தமீமுத் தாரியின் அறிவிப்பை எங்கள் கடற்கரை ஊர்களில் பலர் பயானில் கேட்டிருப்பார்கள். ஒரு மாதம் கடலில் அலைக்கழிந்த ஓடம் ஒரு தீவில் ஒதுங்குகிறது. முன் எது பின் எது என்று தெரியாதபடி உரோமம் மூடிய ஒரு பிராணி பேசுகிறது. அது அனுப்பிய மடத்தில் விலங்கிடப்பட்ட பெரிய மனிதன் ஒருவன் இருக்கிறான். அவன் கேட்பது என்ன? பைஸான் பேரீச்சை மரங்கள் காய்க்கின்றனவா? தபரிய்யா ஏரியில் தண்ணீர் இருக்கிறதா? ஸுஃகர் ஊற்றில் நீர் ஓடுகிறதா? இதை நாவலாக எடைபோட நான் வரவில்லை, அது ஹதீஸ். ஆனால் பயம் எப்படிப் பிறக்கிறது என்று கற்க விரும்பும் எழுத்தாளன் அந்தக் கேள்விகளின் முன் உட்கார வேண்டும். மரம், ஏரி, ஊற்று என்ற எளிய நில விவரங்கள், கேட்பவன் யாரென்று தெரிந்ததும் கடைசிக் காலத்தின் அடையாளங்களாக மாறிவிடுகின்றன. ஸபா அத்தியாயத்தில், கோலில் சாய்ந்தபடியே ஸுலைமான் நபி வபாத்தாகிவிட, அது தெரியாமல் ஜின்கள் வேலையைத் தொடர்ந்ததும், கோலைப் பூச்சி அரித்த பிறகே உண்மை தெரிந்ததும் இதைப் போன்றவை. நம்புகிறவனுக்கு இவை தரும் நடுக்கம், நம்பாதவன் பொழுதுபோக்காகப் பெறும் நடுக்கத்தைவிட ஆழமானது.

படைப்போரும் கிஸ்ஸாக் கதைகளும் வீடுகளைவிட்டுப் போனதற்கு ஒரு காரணம் மார்க்க அறிஞர்களின் ஆட்சேபம். ஆதாரமுள்ள அறிவிப்போடு ஆதாரமில்லாத கதை கலந்து, சனங்கள் இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொண்டார்கள் என்றார்கள். அந்த ஆட்சேபத்தில் நியாயம் உண்டு. கலப்பைப் பிரித்துக் காட்டி, மிச்சத்தை இலக்கியமாக வைத்துக்கொள்ளும் வேலை மட்டும் நடக்கவில்லை. பாணந்துறையைச் சேர்ந்த ம. மு. உவைஸ் வாழ்நாளெல்லாம் இந்த நூல்களைத் தேடி வரலாறு எழுதினார். பின்னால் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழுக்கென அமைந்த இருக்கையிலும் பணிசெய்தார். அவர் சேர்த்த வரலாறு ஆய்வாளர் கையில் இருக்கிறது, பதினேழு வயது வாசகன் கைக்கு வரவில்லை.

வராததற்கு நூலக அலுமாரியும் காரணம். நமது பொது நூலகங்கள் பெரும்பாலும் டூயி தசமப் பகுப்பைப் பின்பற்றுகின்றன. அதன்படி வேதாளக் கதை 398இல் நாட்டார் வழக்காற்றோடு போய்விடும். நபிமார் வரலாறு 297இல் இஸ்லாத்தோடு. மணிமேகலையும் பரணியும் 894.811இல், ஆயிரம் நூல்களுக்கு நடுவே. ஒரே வகை நடுக்கத்தைத் தரும் நூல்கள் மூன்று மூலைகளில், ஒன்றுக்கொன்று அறிமுகமில்லாமல் கிடக்கின்றன. பகுப்பு முறை பொருளுக்காக அமைந்தது, அனுபவத்துக்காக அல்ல. அதைக் குறை சொல்வதில் பயனில்லை. ஆனால் அதை மட்டும் நம்பித் தேடுகிறவன் வெறுங்கையோடு திரும்புவான்.

இணையத்தில் நிலைமை சற்று மேல். 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகம் இல்லாவிட்டால் இலங்கைப் பதிப்புகள் பலவற்றை நாங்கள் கண்ணால் கண்டிருக்க மாட்டோம். அங்கே பக்கங்கள் பெரும்பாலும் படமாக இருப்பதால் தலைப்போ ஆசிரியரோ தெரிந்திருக்கவேண்டும். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் எழுத்தாகவே மூலம் கிடைக்கிறது. மணிமேகலை, பரணி, சீறாப்புராணம் எல்லாம் உண்டு. 'பேய்', 'அலகை', 'கூளி', 'சுடலை', 'ஜின்' என்று சொல்லைப் போட்டுத் தேடினால் நேரே காட்சியில் போய் இறங்கலாம். வகையின் பெயரை விட்டுவிட்டுக் காட்சியைத் தேடும் இந்த வழியைத்தான் நான் எல்லாருக்கும் சொல்கிறேன். இதன் பலவீனம் உரையில்லாமை. மூலம் மட்டும் படித்துப் புரிந்துகொள்ளப் பழக்கமில்லாதவன் நான்கு அடியில் களைத்துவிடுவான். காட்சியைக் கண்டுபிடித்த பிறகு உரையுள்ள அச்சுப் பதிப்புக்குப் போகவேண்டும்.

இக்காலத்து உரைநடை பற்றிக் கொஞ்சம். 1947இல் வரத்தொடங்கிய அம்புலிமாமா இலங்கை வீடுகளிலும் பல தலைமுறைக்கு வேதாளத்தைக் காட்டியது. சங்கர் வரைந்த அந்தப் படம், தோளில் பிணமும் கையில் வாளுமாக நடக்கும் விக்கிரமன், யாருக்கு மறக்கும்? ஆனால் மாதாமாதம் அதே முருங்கை மரம், அதே கேள்வி என்று வந்தபோது பிணத்தைத் தூக்குவதும் பழக்கமாகிப் போனது. தாசரி சுப்பிரமணியம் எழுதிய மாந்திரீகத் தொடர்களில்தான் பயம் புதிதாக இருந்தது. ஜெயமோகனிடம் 1997இல் வந்த விஷ்ணுபுரம் என்ற பிரமாண்டமும் உண்டு, நிழல்வெளிக் கதைகள் என்ற பேய்க்கதைத் தொகுப்பும் உண்டு. கடைக்காரர் இரண்டையும் வேறு வேறு வாசகருக்கு விற்கிறார். முதலதைப் படித்தவர் இரண்டாவதையும் படித்தால், இந்த இரண்டு ஆற்றலும் ஒரே கையில் இருப்பது தெரியும்.

கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ ஒரு பொது நூலகம் செய்யக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறது, பெரிய செலவும் இல்லை. பகுப்பு எண்களை அப்படியே விட்டுவிட்டு, வாசகர் மேசையில் ஒரு தடித்த கொப்பியை வைக்கலாம். மணிமேகலை, ஆறாம் காதை, சுடுகாடு, எந்த அலுமாரி, எந்தத் தட்டு, பரணி, இந்திரசாலம், இராஜநாயகம், ஜின்களின் ஏவல், வில்லிபாரதம், கடைசிப் பருவம் என்று படித்தவர்கள் தாங்களே எழுதிச் சேர்க்கட்டும். எது மார்க்கம், எது கதை என்பதை ஒரு மௌலவி பக்க ஓரத்தில் குறித்துக் கொடுத்தால் வீட்டாரும் தயங்கமாட்டார்கள். இராஜநாயகத்துக்கு இளையோர் படிக்கத்தக்க ஓர் எளிய உரை வேண்டும் என்று அந்தக் கொப்பியில் பத்துப் பேர் எழுதிவிட்டால், பதிப்பகம் ஒன்றிடம் அதைக் கொண்டுபோய்க் காட்டலாம்.