சைக்கிள்காரரின் தற்காப்பு: சட்டம் தேறுமா?

தற்காப்புரிமையைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் கொலை வழக்குகளை வைத்தே எழுதுகிறார்கள். வீடு புகுந்தவன், கத்தியை ஓங்கியவன், கீழே விழுந்த பிணம் என்று அந்த விவாதம் நான்கு சுவருக்குள் நடந்து முடிந்துவிடும். இந்தச் சட்டத்தை உரசிப் பார்க்க அதைவிடக் கடினமான ஆள் ஒருவர் உண்டு. கோவையில், விடிவதற்கு முன் பேரூரிலிருந்து சிறுவாணிச் சாலையில் சைக்கிள் மிதிப்பவர் அவர். அல்லது சோமனூர்ப் பக்கம் இரவு ஷிப்ட் முடித்துத் தறிக்குடோனிலிருந்து வீடு திரும்புபவர். சாத்திக்கொள்ளக் கதவில்லை, இரண்டு கையும் ஹேண்டில்பாரில், தப்பும் வேகமும் இல்லை. பைக்கில் வந்து செயினை அறுப்பவன், கூட்டமாகத் துரத்தும் தெருநாய், தடாகம், மருதமலை அடிவாரம் என்றால் தோட்டத்திலிருந்து இறங்கிவரும் யானை ஆகிய மூன்றும் இவருக்கு ஒரே சாலையில் வாய்க்கலாம். மூன்றுக்கும் எதிராக இவர் என்ன செய்யலாம், என்ன வைத்திருக்கலாம் என்பதற்குத் தெளிவான விடை தரும் சட்டமே தேறிய சட்டம்.

மனிதனிடமிருந்து தொடங்குவோம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்புரிமையைப் பேசுகின்றன. பழைய தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையிலானவைதாம் இவை. எண் மாறியிருக்கிறது, எலும்புக்கூடு அதுவே. அந்த எலும்புக்கூடு உறுதியானது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். உரிமை எப்போது பிறக்கிறது, எதுவரை நீடிக்கிறது, எந்தெந்தத் தாக்குதலுக்கு எதிராக உயிரையே எடுக்கலாம், எங்கே காயத்தோடு நிறுத்த வேண்டும் என்பவற்றை இவ்வளவு சுருக்கமாக, இவ்வளவு ஒழுங்காக வகுத்த சட்டப்பகுதிகள் குறைவு. அடி விழும்வரை காத்திருக்கத் தேவையில்லை. நியாயமான அச்சம் எழுந்த கணமே உரிமை தொடங்கிவிடுகிறது. ஓடிப்போயிருக்கலாமே என்ற கேள்வியை நம் நீதிமன்றங்கள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. உயிருக்குப் போராடுபவரின் அடியைப் பொன் நிறுக்கும் தராசில் நிறுக்கக் கூடாது என்ற பார்வை 1952இன் அம்ஜத் கான் வழக்கிலேயே வந்துவிட்டது. 2010இன் தர்ஷன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த நெறிகளைப் பத்தாகத் தொகுத்தும் கொடுத்தது.

பழைய தண்டனைச் சட்டத்தின் மூலவரைவை 1837இல் முடித்த மெக்காலேவின் ஆணையத்துக்கு ஒரு மனக்குறை இருந்தது: இந்நாட்டு மக்கள் கொள்ளையரை எதிர்க்காமல் பொறுத்துக்கொள்கிறார்கள் என்பது. அவர்களுக்குத் துணிவூட்டவே உரிமையைத் தாராளமாக வகுத்தார்கள். ஆனால் 1878இல் வைஸ்ராய் லிட்டன் கொண்டுவந்த ஆயுதச் சட்டம் அதே மக்களின் கையிலிருந்ததைப் பிடுங்கியது. எதிர்த்து நில் என்றது ஒரு சட்டம், கையில் ஒன்றும் இருக்கக் கூடாது என்றது இன்னொன்று. 1878இன் சட்டம் போய் 1959இல் புதிய ஆயுதச் சட்டம் வந்தது. தண்டனைச் சட்டம் போய் சன்ஹிதா வந்தது. இரண்டுக்கும் இடையிலிருந்த பிளவு மட்டும் போகவில்லை.

சன்ஹிதாவின் பெரிய குறை எங்கே தெரிகிறது என்றால், அது புதிதாகச் சேர்த்த இடத்தில். பறிப்பு என்பதை 304ஆம் பிரிவில் தனிக் குற்றமாக்கினார்கள்; செயின் பறிப்பால் சலித்த ஊர்களுக்கு இது வரவேற்கத்தக்கதே. ஆனால் சொத்தைக் காக்க உயிரெடுக்கும் அளவுக்குப் போகலாம் என்னும் 41ஆம் பிரிவில் வழிப்பறிக் கொள்ளை இருக்கிறது, பறிப்பு இல்லை. பறிப்பு திருட்டின் ஒரு வகை என்பதால் திருட்டுக்குரிய நிபந்தனைதான் அதற்கும் பொருந்தும்: உயிர்ச்சேதமோ கொடுங்காயமோ நேரும் என்ற நியாயமான அச்சம் வேண்டும். நடந்து போகிறவருக்கும் சைக்கிளில் போகிறவருக்கும் இங்கே பெரிய வேறுபாடு உண்டு. ஓடும் சைக்கிளில் கழுத்துச் செயினை இழுத்தால் ஆள் தார்ச்சாலையில் தலைகுப்புற விழுவார். கொடுங்காயம் அங்கே ஏறத்தாழ உறுதி. நல்ல வழக்கறிஞர் இதை வாதாடி நிறுவிவிடுவார். நிறுவ வேண்டியிருக்கிறது என்பதே வரைவின் குறை.

இன்னும் நுணுகிப் பார்த்தால் குழப்பம் கூடுகிறது. 43ஆம் பிரிவின்படி, திருட்டு என்றால் திருடன் பொருளோடு தப்பிப் போய்ச் சேரும்வரை தற்காப்புரிமை நீடிக்கும். கொள்ளை என்றால் காயம், தடை, உடனடி அச்சம் இவை இருக்கும்வரைதான் நீடிக்கும். ஆக, பறித்தவனைத் துரத்திப் பிடிக்க நினைக்கும் சைக்கிள்காரருக்கு நடந்தது திருட்டானால் நேரம் அதிகம், வலிமை குறைவு. கொள்ளையானால் வலிமை அதிகம், நேரம் குறைவு. நடந்தது எது என்பதை முதலில் எழுதப்போவது காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கையை எழுதும் கை. பழைய சட்டத்திலேயே இருந்த இந்த இடறலைப் புதிய சட்டம் கவனித்ததாகத் தெரியவில்லை. மூன்றாவதாகப் பறிப்பு என்ற பெயரையும் சேர்த்துச் சிக்கலைக் கூட்டியது.

அடுத்தது வைத்திருப்பது. ஆயுதச் சட்டம் இங்கே பலர் நினைப்பதைவிட நெகிழ்வானது. லத்தி, சாதாரண கைத்தடி போல வீட்டுக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே உரிய பொருட்கள் ஆயுதம் என்ற வரையறைக்குள்ளேயே வருவதில்லை. ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள்தாம் விதிகளின் பட்டியலில் வருகின்றன. அவற்றுக்கும் அரசு தனியே அறிவித்த பகுதிகளில்தான் உரிமம் வேண்டும். வீட்டு, விவசாய, தொழில் பயன்பாட்டுக்கான கத்திகளுக்கு அங்கும் விலக்கு உண்டு. துப்பாக்கியை விட்டுவிடலாம். 2024 நவம்பரில் பல்லடம் அருகே சேமலைக்கவுண்டம்பாளையத்தில் மூவரும், 2025இல் சிவகிரி அருகே முதிய தம்பதியும் தோட்டத்து வீடுகளில் கொல்லப்பட்ட பிறகு, சாளைகளில் தனித்திருப்போருக்குத் துப்பாக்கி உரிமம் வேண்டும் என்ற பேச்சு கொங்கில் எழுந்தது. அந்தப் பேச்சின் நியாயம் எதுவானாலும் சைக்கிளில் போகிறவருக்கு அது உதவாது. கையை எடுத்தால் சாயும் வண்டியில் துப்பாக்கி எதற்கு?

ஆக, சைக்கிள் பாரில் ஒரு தடியைக் கட்டிக்கொண்டு போவதைச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் அதைச் சொல்லித் தரவும் இல்லை. இரவு ரோந்தில் நிறுத்தி "இதெல்லாம் எதுக்கு வெச்சிருக்க?" என்று கேட்கும் காவலருக்கு என்ன பதில் சொல்வது, அந்தப் பதில் போதுமா என்பதற்கு அளவுகோல் ஏதும் சட்டத்தில் இல்லை. அதே கேள்வியை அதே சாலையில் கொடுவாளோடு போகும் தோட்டத்துக்காரரிடம் கேட்டால் "தென்னைமட்டை வெட்டங்க" என்பதோடு முடிந்துவிடும். தொழிலுக்காக ஏந்திய கூர்மையைச் சட்டம் நம்புகிறது. தற்காப்புக்காக ஏந்திய மழுங்கலைச் சந்தேகிக்க இடம் விட்டிருக்கிறது.

மிளகு ஸ்ப்ரே இந்தக் குறையைப் பளிச்சென்று காட்டும். இணையத்தில் கிடைக்கிறது, மருந்துக்கடையிலும் கிடைக்கிறது. ஆனால் எவ்வளவு காரம், எவ்வளவு கொள்ளளவு, யார் எங்கே வைத்திருக்கலாம் என்று நாடு முழுவதற்கும் பொதுவான சட்டவிதி இல்லை. 2024இல் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் முன் ஒரு வழக்கு வந்தது. சொத்துத் தகராறு ஒன்றில் மிளகு ஸ்ப்ரே அடித்தவர்கள் தற்காப்புரிமையைக் காட்டி வழக்கை ரத்து செய்யக் கேட்டார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து இருந்ததாகத் தெரியவில்லை, விசாரணை நடக்கட்டும் என்று நீதிபதி மறுத்தார். முடிவில் பிழை காண்பதற்கில்லை. ஆனால் ஸ்ப்ரே ஆபத்தான ஆயுதமா என்ற கேள்விக்கு இந்தியச் சட்டத்தில் விடை கிடைக்காமல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்றின் கருத்தை அவர் துணைக்கு அழைக்க வேண்டியிருந்தது. ஒரு பொருளைக் கடைகளில் தாராளமாக விற்கவிட்டு, அதை அழுத்திய பிறகு அது ஆயுதமா என்று கடல் கடந்து தேடுவது சட்டம் இயற்றுவோருக்குப் பெருமை சேர்க்காது.

இதற்கு நேரெதிரான இரண்டு தமிழக நிகழ்வுகளை அருகில் வைத்துப் பார்க்கலாம். 2012இல் மதுரையில், மகளைச் சீரழிக்க முயன்ற கணவனைக் கிரிக்கெட் மட்டையால் அடித்துக் கொன்ற பெண்ணை, மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அஸ்ரா கர்க் தற்காப்புரிமைப் பிரிவைக் காட்டி விடுவித்தார். 2021 ஜனவரியில் திருவள்ளூர் மாவட்டம் சோழவரம் பகுதியில், கத்திமுனையில் வன்புணர முயன்ற உறவினனை அவன் கத்தியாலேயே குத்திய பத்தொன்பது வயதுப் பெண்ணின் வழக்கிலும், கண்காணிப்பாளர் அரவிந்தன் அதே வழியில் போனார். இரண்டும் மனிதத்தன்மை உள்ள முடிவுகள், இரண்டும் சரி. எனினும் முறையை எடைபோட வேண்டும். விதிவிலக்கை நிறுவும் சுமை குற்றம் சாட்டப்பட்டவருடையது என்று சாட்சியச் சட்டம் சொல்கிறது. புதிய சட்டத்தில் அது 108ஆம் பிரிவு. அந்தச் சுமையை இந்த இரு பெண்களும் நீதிமன்றத்தில் ஏந்த நேராதது அதிகாரிகளின் நல்ல மனத்தாலேதான். வேறொரு அதிகாரி, வேறொரு முடிவு என்பதற்கும் சட்டம் இடம் தருகிறது. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. மட்டை வீட்டில் கிடந்தது, கத்தி எதிரி கொண்டுவந்தது. கைக்கு அகப்பட்டதை எடுத்தவர் மீது சட்டம் கனிவு காட்டுகிறது. முன்யோசனையோடு எடுத்து வந்தவரிடம்தான் விளக்கம் கேட்கிறது. ஹெல்மெட், பின்விளக்கு, பஞ்சர் கிட் என்று சைக்கிள்காரரின் பாதுகாப்பு முழுதும் முன்யோசனைதான் என்பதை எண்ணிப் பார்த்தால் இந்த முரண் எவ்வளவு ஆழம் என்று விளங்கும்.

விலங்குகளிடம் வரும்போது தரவேறுபாடு இன்னும் கூர்மை. தற்காப்புரிமை குற்றத்துக்கு எதிரானது. நாய் குற்றம் செய்வதில்லை. எனவே அந்தப் பதினொரு பிரிவுகளில் ஒன்றும் நாய்க்கு எதிராக உதவாது. துரத்தும் நாயைத் தடியால் தட்டியவர், பெருந்தீங்கைத் தவிர்க்கக் குற்றநோக்கமின்றிச் செய்த சிறுதீங்கு குற்றமல்ல என்னும் 19ஆம் பிரிவைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். கப்பல் தலைவனும் தீ பரவாமலிருக்க இடிக்கப்படும் வீடும்தான் அந்தப் பிரிவுக்கான உதாரணங்கள். சிங்காநல்லூர்ச் சந்தில் கெண்டைக்காலைக் கவ்வ வரும் நாய்க்கு அவற்றிலிருந்து நெறி பிரித்தெடுக்க வேண்டும். எதிர்த்தரப்பிலோ விலங்கைக் கொன்றாலோ ஊனமாக்கினாலோ ஐந்தாண்டு வரை சிறை என்னும் 325ஆம் பிரிவு தெளிவாக நிற்கிறது. நாயை வதைப்பவரைத் தண்டிப்பது சரியே. கடிபடாமல் தப்பியவரை அவரிலிருந்து பிரித்துக் காட்டும் ஒரு வரியாவது வேண்டாமா?

அந்த வரி வேறொரு சட்டத்தில் இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. 1972இன் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், தன்னையோ பிறரையோ காக்க நல்லெண்ணத்தோடு காட்டுவிலங்கைக் கொன்றாலும் காயப்படுத்தினாலும் குற்றமல்ல என்று 11ஆம் பிரிவில் நேரடியாகச் சொல்கிறது. கூடவே இரண்டு காவல்களையும் வைக்கிறது: அந்நேரம் அச்சட்டத்தை மீறிக்கொண்டிருந்தவருக்கு விலக்கில்லை, கொல்லப்பட்ட விலங்கு அரசின் சொத்து. அனுமதியின்றிச் சரணாலயத்துக்குள் சைக்கிளை விட்டவர் இந்த விலக்கைக் கேட்டு வர முடியாது. யானையை எந்தச் சைக்கிள்காரரும் அடிக்கப் போவதில்லை. தூரத்திலேயே வண்டியைத் திருப்பிவிடுவதுதான் அடிவாரத்து ஊர்களின் வழக்கம். எனினும் வரைவுக் கலைக்கு இது முன்மாதிரி: உரிமை, அதன் எல்லை, தவறாகப் பயன்படுவதற்குத் தடை மூன்றும் சில வரிகளில் அடங்கிவிட்டன. யானைக்கும் சிறுத்தைக்கும் எதிரே நம் நிலை என்ன என்பது தெளிவு, தெருநாய்க்கு எதிரே மங்கல். உச்ச நீதிமன்றம் 2025இல் தெருநாய்களைப் பற்றி அடுத்தடுத்துப் பிறப்பித்த உத்தரவுகள் கருத்தடை, தடுப்பூசி, காப்பகம், உணவிடும் இடம் பற்றியவை. கடிபடும் கணத்தில் கடிபடுபவர் என்ன செய்யலாம் என்பதைப் பற்றியவை அல்ல. சட்டம் அதைச் சொல்லும்வரை, இறங்கி, சைக்கிளை நாய்க்கும் தமக்கும் நடுவே பிடித்து, பாட்டில் தண்ணீரை அதன் முகத்தில் பீய்ச்சுவதுதான் அனுபவசாலிகள் செய்வது. அதற்கு எந்தப் பிரிவும் தேவையில்லை.

தீர்ப்பைச் சொல்லிவிடலாம். அடியை மதிப்பிடும் சட்டமாக நம் தற்காப்புரிமை அத்தியாயம் உயர்தரமானது. அதன் குறைகள் திருத்தத்தால் தீரும் குறைகள். ஏந்துவதை மதிப்பிடும் சட்டம் என்று ஒன்று நம்மிடம் இல்லவே இல்லை. ஆயுதச் சட்டத்தின் மௌனமும் காவலரின் மனநிலையும் அந்த இடத்தை நிரப்புகின்றன. 2023இன் சன்ஹிதா கையில் கிடைத்த வாய்ப்பை நழுவவிட்டது. 41இல் பறிப்பைச் சேர்ப்பது, வனவுயிர்ச் சட்டத்தின் பாணியில் வீட்டுவிலங்குக்கும் தெருவிலங்குக்கும் ஒரு விலக்கை எழுதுவது, மிளகு ஸ்ப்ரேக்கு அளவும் தரமும் அறிவிப்பது ஆகிய மூன்றும் அன்றே முடிந்திருக்க வேண்டியவை. ஆயுதம் ஒன்றியப் பட்டியலில் இருப்பதால் மூன்றாவதை டெல்லிதான் செய்ய முடியும். குற்றவியல் சட்டம் பொதுப் பட்டியலில் இருப்பதால் முதல் இரண்டையும் குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு மாநிலமே செய்யலாம். பெண்களுக்கு எதிரான குற்றங்களின் தண்டனையைக் கூட்ட 2025 ஜனவரியில் தமிழகச் சட்டப்பேரவை இதே சன்ஹிதாவைத் திருத்தி மசோதா நிறைவேற்றியது. தற்காப்புரிமையின் பதினொரு பிரிவுகளில் ஒன்றையும் அது தொடவில்லை.