புழு டப்பா

‘வேலையத்தவன்தான் தூண்டில் போடுவான்’ என்று சொல்லாத அம்மாக்கள் பெரம்பலூர், அரியலூர் பக்கம் கிடையாது. என் அம்மாவும் சொல்வார். ஒரே வித்தியாசம், எங்கள் வீட்டில் அந்தத் திட்டு அப்பாவுக்கு.

1995-ல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் தனி மாவட்டமாகப் பிரிந்தது. 2001-ல் அரியலூர் அதிலிருந்து தனியாகப் போனது, 2002-ல் திரும்பி வந்தது, 2007-ல் மறுபடியும் தனிக்குடித்தனம். எங்கள் ஏரிக் கெளுத்திக்கு இந்த விவரமெல்லாம் தெரியாது. அது பாட்டுக்குப் புழுவைக் கடித்துக்கொண்டிருந்தது.

இதெல்லாம் இப்போது ஞாபகம் வரக் காரணம், நார்மன் மெக்லீன் எழுதிய ‘எ ரிவர் ரன்ஸ் த்ரூ இட்’. ராபர்ட் ரெட்ஃபோர்ட் இயக்கி, பிராட் பிட் நடித்து 1992-ல் வந்த படத்தைச் சிலர் பார்த்திருப்பீர்கள். புத்தகம் 1976-லேயே வந்தது. மெக்லீன் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். எழுபது வயதுக்கு மேல் முதல் கதைப் புத்தகம். நியூயார்க் பதிப்பாளர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கதையில் மரமெல்லாம் வருகிறதே என்று ஒருவர் குறைப்பட்டாராம்! கடைசியில், அதுவரை புதிய புனைகதை எதையும் வெளியிட்டிராத அவருடைய பல்கலைக்கழகப் பதிப்பகமே போட்டது.

கதை நடப்பது மொன்டானாவில். பாதிரியார் அப்பா, இரண்டு பையன்கள். மூத்தவன் நார்மன் சமர்த்து. இளையவன் பால், குடி, சீட்டு, அடிதடி. ஆனால் தூண்டிலைக் கையில் எடுத்தால் மேதை. மூன்று பேருக்கும் பொதுவான பாஷை ஒன்றே ஒன்று: ஃப்ளை ஃபிஷிங்.

அது என்ன? நம் தூண்டிலில் ஈயக்குண்டின் கனம் நரம்பை இழுத்துப் போகும். இதில் முள்ளுக்குக் கனமே கிடையாது. இறகும் ரோமமும் நூலும் வைத்துக் கட்டிய பொய்ப் பூச்சி அது. கனமெல்லாம் நரம்பில். கழியைச் சாட்டை மாதிரி முன்னும் பின்னும் வீசி, பூச்சியைத் தண்ணீர் மேல் பூப்போல உட்கார வைக்க வேண்டும். கடிகாரத்தின் பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் நடுவில், நாலு எண்ணிக்கையில் கை ஆட வேண்டும். பாதிரியார் இதை மெட்ரோனோம் வைத்துச் சொல்லித் தருகிறார், பாட்டு வாத்தியார் தொடையில் தாளம் தட்டுகிற மாதிரி. மெக்லீன் பக்கம் பக்கமாக எழுதுகிறார். எனக்குக் கொட்டாவி வரவில்லை. தொழில் தெரிந்தவன் எழுத்துக்கு அந்தப் பலம் உண்டு.

படம்? ஒளிப்பதிவுக்கு ஆஸ்கர் வாங்கியது. நியாயம்தான். ஆனால் எதைப் பார்த்தாலும் தங்க முலாம். பால் சீரழிவதுகூடக் காலண்டர் மாதிரி இருக்கிறது. கதையில் வருவது பிளாக்ஃபுட் ஆறு. மீன்பிடிக் காட்சிகளில் பெரும்பாலானவற்றை கேலட்டின் மாதிரி வேறு ஆறுகளில் எடுத்தார்கள். சுரங்கக் கழிவும் மரவெட்டும் பிளாக்ஃபுட்டை அவ்வளவு கெடுத்து வைத்திருந்தன. சுண்ணாம்புக்கல் சுரங்கங்களுக்கு நடுவே குடியிருக்கிற அரியலூர்க்காரனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

புத்தகத்தின் மேல் எனக்கு ஒரே ஒரு கோபம். நார்மனின் மைத்துனன் காபி டப்பாவில் புழுவோடு ஆற்றுக்கு வருகிறான். அவ்வளவுதான், ஆளையே குப்பையாக்கிவிடுகிறார்கள். புழு போடுகிறவன் அண்ணன் தம்பிக்குக் கீழ்ப்பட்ட பிறவி. இங்கிலாந்தில் இன்னும் மோசம். மிதக்கிற பூச்சி உசத்தியா, முங்குகிற பூச்சியும் சரியா என்று 1938-ல் லண்டன் கிளப் ஒன்றில் விவாதமே நடத்தியிருக்கிறார்கள். தூண்டிலிலும் ஜாதி!

நான் புழு டப்பா ஜாதி.

பி.காம். முடித்துவிட்டு பேங்க் பரீட்சை எழுதாமல் பத்திரிகைக்குப் போகிறேன் என்று சொன்னதும், அப்பா ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏரிக்குக் கிளம்பும்போது இரண்டு கழி எடுத்துக்கொள்வார். கரையில் உட்கார்ந்ததும் புழு டப்பாவை என் பக்கம் நகர்த்தி வைப்பார். சமாதானக் கொடி என்றால் அதுதான்.

விராலுக்கு மட்டும் புழு போட மாட்டார். சின்னத் தவளையை முள்ளில் கோத்து, தாமரை இலைகளுக்கு நடுவில் தத்தித் தத்தி வருகிற மாதிரி இழுப்பார். அந்தக் கைப்பக்குவம் மெக்லீனுக்குப் பிடித்திருக்கும். விராலிடம் ஒரு விசேஷம் உண்டு. குஞ்சு பொரித்துவிட்டால் பெரிய மீன் காவல் நிற்கும். குஞ்சுக் கூட்டம் சிவப்பாகத் தண்ணீர் மேலே வரும், பெரிசு அடியில் இருக்கும். அங்கே எதைப் போட்டாலும் பாய்ந்து அடிக்கும். பசியில் இல்லை, பிள்ளையைக் காப்பாற்ற. பிடிப்பதற்கு அதைவிடச் சுலபமான நேரம் கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படி ஒரு கூட்டத்தைப் பார்த்து நான் கை காட்டினேன். அப்பா கழியைத் தூக்கிவிட்டார்.

“வேணாம்டா. புள்ளையோட நிக்குது.”

அந்த ஆறு மாதத்தில் அவர் என்னிடம் பேசிய நீளமான வாக்கியம் அது.

புத்தகத்தில் பால் அடித்துக் கொல்லப்படுகிறான். கை எலும்புகள் நொறுங்கியிருந்தன என்று நார்மன் சொல்ல, எந்தக் கை என்று கேட்கிறார் பாதிரியார். வலது கை. தூண்டில் வீசிய கை. அதற்கு மேல் மெக்லீன் அழவில்லை, நம்மையும் அழச் சொல்லவில்லை. நெருங்கியவர்களுக்கு எப்படி உதவுவது என்று தெரியாமலே, அவர்களைப் புரிந்துகொள்ளாமலே, முழுசாக நேசிக்க முடியும் என்பதுதான் அந்தப் புத்தகம்.

பிற்பாடு எங்கள் ஏரியை மீன்பாசி ஏலத்தில் எடுத்தவரின் ஆட்கள், தூண்டில்காரர்களைக் கரையிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினார்கள். இரண்டு கழியால் என்ன பெரிய நஷ்டம்? கணக்குப் படித்தவன் சொல்கிறேன், ஒரு குழம்புக்குத் தேறாது. எங்கள் நஷ்டம் மீன் கணக்கில் வராது. பேசத் தெரியாத அப்பாவும் பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார இருந்த ஒரே இடம் போயிற்று. அப்புறம் நாங்கள் சேர்ந்து டிவி பார்த்தோம். அது ஒன்றும் சரிவரவில்லை.

அப்பா இப்போது இல்லை. டப்பா பரணில் இருக்கிறது.

புத்தகத்தை முதலில் படியுங்கள், படத்தை அப்புறம் பாருங்கள். புழுவோடு வருகிறவனை அவர்கள் கேலி செய்கிற இடத்தில் மட்டும் சிரிக்காதீர்கள், ப்ளீஸ்.