மரங்களின் இரவும் லண்டன் காடும்

பாஜ்ஜூ ஷ்யாம் என்ற கோண்ட் பழங்குடி ஓவியர் லண்டனுக்கு அழைக்கப்பட்டது ஓர் இந்திய உணவகத்தின் சுவர்களில் படம் வரைவதற்கு. இரண்டு மாதம் தங்கினார். அந்த அனுபவத்தை 2004 இல் சென்னையின் தாரா பதிப்பகம் 'த லண்டன் ஜங்கிள் புக்' என்ற நூலாக வெளியிட்டது. அத்தகைய சுவர்களுக்குப் பின்னால், குசினிக்குள் காலம் தள்ளும் எம்போன்றோருக்கு இந்த நூல் கொஞ்சம் அதிகமாகவே நெருங்கிவருகிறது. அதனாலேயே அதை வெறுமனே பாராட்டிவிட்டு நகர முடியவில்லை.

நூலில் லண்டனின் பெரிய மணிக்கூடு சேவலோடு ஒன்றாகிறது. கோண்ட் மக்களுக்கு நேரம் சொல்வது சேவல். விமானம் சிறகு முளைத்த யானை. ஓவியரை நாள்தோறும் வேலைக்குக் கொண்டுபோய்விட்ட 30ஆம் இலக்க பஸ், விசுவாசமான நாய். இரவானதும் மதுச்சாலைகளில் கூடும் ஆங்கிலேயர் வௌவால்கள். இவை வேடிக்கைக்காக வரையப்பட்டவை அல்ல. தெரியாத ஒன்றைத் தனக்குத் தெரிந்த உயிர்களால் அளந்து பார்க்கிறார் ஓவியர். வெள்ளைக்காரர் பழங்குடிகளைப் பார்த்து எழுதிய காலம் போய், பழங்குடியொருவர் வெள்ளைக்காரரைப் பார்த்து வரைகிறார்.

இங்கு கோடுகளைப் பற்றிச் சொல்லவேண்டும். கோண்ட் ஓவியத்தில் உருவங்களின் உள்ளே நிரம்பும் புள்ளியும் கோடும் அலங்காரம் அல்ல, கையொப்பம். வீட்டு மண்சுவர்களிலும் தரையிலும் இருந்த வரைகலையைத் தாளுக்குக் கொண்டுவந்தவர் ஜங்கர் சிங் ஷ்யாம். 1980களின் தொடக்கத்தில் போபாலின் பாரத் பவனுக்கு அவரை வரவழைத்தவர், தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ஓவியர் ஜெ. சுவாமிநாதன். ஜங்கர் 2001 இல் ஜப்பானில் இறந்தார். பாஜ்ஜூ அவருடைய மருமகன், அவரிடம் பயின்றவர். ஆயினும் மாமாவின் கோட்டை அவர் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. சங்கிலி போன்ற தனக்கான வடிவத்தைக் கண்டெடுத்தார். பரம்பரைச் சொத்து அங்கு அப்படித்தான் கைமாறுகிறது.

2006 இல் வந்த 'த நைட் லைஃப் ஒஃப் ட்ரீஸ்' நூலில் பாஜ்ஜூவுடன் துர்காபாய், ராம்சிங் உர்வேதி ஆகியோரும் வரைந்திருக்கிறார்கள். பகல் முழுவதும் நிழலும் உணவும் தந்து களைத்த மரங்கள், இரவில்தான் ஓய்ந்து தம் ஆன்மாவைக் காட்டுகின்றன என்பது நம்பிக்கை. கந்தல் பருத்தியில் செய்த கறுப்புத் தாளில் இவை பட்டுத்திரை முறையில் அச்சாகின்றன. ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனித் திரை. ஒரு நிறம் காய்ந்த பிறகே அடுத்தது. தைப்பதும் கையால்தான். 2008 இல் பொலோஞ்ஞா நூற்சந்தையில் இந்நூல் பரிசும் பெற்றது. கைவேலை என்றால் ஒரு பிரதிபோல இன்னொன்று இராது என்று வாங்குவோர் மகிழ்கிறார்கள். வேலை செய்பவரின் திறமையோ நேர்மாறானது. நூறாவது தாளும் முதல் தாளைப்போலவே வரவேண்டும். ஒரே கறியை ஒரே ருசியில் நாள்தோறும் இறக்குபவர்களுக்கு இது விளங்கும்.

குறையும் உண்டு. லண்டன் நூலில் ஓவியரின் பேச்சை ஆங்கிலத்தில் எழுதியவர்கள் கீதா வோல்ஃப், சிரிஷ் ராவ். எழுத்து இதமானது, ஆனால் படம் சொல்லாமல் விட்டதையும் அது சொல்லிவிடுகிறது. சேவல் ஏன் என்று நாமாகக் கண்டுபிடிக்கும் சந்தோசம் பறிபோகிறது.

இனி எம் பக்கம். புலம்பெயர்ந்தோரின் மலர்களையும் இதழ்களையும் எடுத்துப் பாருங்கள். அட்டையில் பனை, உள்ளே பனை, ஓரத்தில் கோலம். எல்லாம் இழந்த ஊரைச் சட்டம்போட்டு மாட்டுவதற்கு. ரொறன்ரோவின் ஸ்ரீற்காரை, பனிக்குள் பஸ்ஸுக்கு நிற்கும் எங்கள் பெண்களை, அதே கோலப்புள்ளிகளால் வரைந்து பார்த்தால் என்ன வரும்?

பாஜ்ஜூவுக்கு இரண்டு மாதத்தில் திரும்பிப்போக ஊர் இருந்தது, எமக்கு அப்படியல்ல என்று நண்பர்கள் சொல்லக்கூடும். உண்மைதான். அதனால்தான் இந்தக் கேள்வி அவரைவிட எமக்கு அவசரமானது. அவர் போன இடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர். நாமோ இருக்கிற இடத்தை இன்னும் பார்க்கத் தொடங்கவில்லை.