குச்சிந்தாவின் காது

கேவனா பாலத்துக்குப் பக்கத்தில், ஆற்றோரமாக வெண்கலப் பூனைகள் இருக்கின்றன. சுற்றுப்பயணிகள் நின்று படம் எடுப்பார்கள். போன மாதம் நானும் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்க்கும்போதுதான் கவனித்தேன், சிலைப் பூனைகளுக்குக் காது முழுசாக இருந்தது. எங்கள் புளோக்குப் பூனைகளுக்கு அப்படி இல்லை. கருத்தடை செய்து திரும்ப விட்டதன் அடையாளமாக ஒரு காதின் நுனியை வெட்டியிருப்பார்கள்.

1990களின் தொடக்கத்தில் நம் சுற்றுலாத் துறை சிங்கப்புரா இனப் பூனையைச் சின்னமாக்கியது. பூனை, அன்பு என்ற பொருள்படும் இரு மலாய்ச் சொற்களைச் சேர்த்து 'குச்சிந்தா' என்று பெயரும் வைத்தது. இந்த இனத்தைப் பிரபலமாக்கிய அமெரிக்கத் தம்பதி, 1974இல் அமெரிக்காவிலிருந்துதான் பூனைகளை இங்கே கொண்டுவந்தார்கள் என்று காட்டும் ஆவணம் பிறகு வெளியானது. ஆக, சிலை வைக்கப்பட்ட பூனைக்கே சொந்த ஊர் எது என்பதில் சந்தேகம். சந்தேகமே இல்லாமல் இந்த ஊர்ப் பூனைகளாக இருந்தவற்றுக்கு வீவக வீட்டுக்குள் அனுமதி இல்லை. 1998இல் தொடங்கிய தெருப்பூனைக் கருத்தடைத் திட்டம் 2003இல், சார்ஸ் சமயத்தில், கைவிடப்பட்டது. பூனைகளைப் பிடித்துக் கொன்றார்கள்.

கொன்றால் தீருமா? பெண் பூனை ஐந்து மாதத்திலேயே சினைப்படும். ஒன்பது வாரத்தில் குட்டி போடும். ஓர் இடம் காலியானால், அங்கே சோறு இருக்கிறவரை வேறு பூனை வந்துகொண்டேதான் இருக்கும். கருத்தடையும் மந்திரமில்லை. ஒரு வட்டாரத்தில் பெரும்பாலான பூனைகளுக்குச் செய்தால்தான் எண்ணிக்கை குறையும். வீடு மாறிப் போகிற யாரோ பெட்டியில் விட்டுப்போகும் இரண்டு குட்டிகள் போதும், செய்த வேலையெல்லாம் வீணாக.

2024 செப்டம்பர் 1ஆம் தேதி வீவக தடை நீங்கியது. வீட்டுக்கு இரண்டு பூனை, உரிமம், நுண்சில்லு. நல்ல சட்டம்தான். ஆனால் எங்கள் புளோக்குக் கீழே ராத்திரி பதினொரு மணிக்குச் சாப்பாடு வைக்கிற ஆன்ட்டியிடம் சொன்னபோது அவர் கேட்டார்: "ரெண்டுதான்னா, மூணாவது எங்க தம்பி போவும்?" அவர் வீட்டில் ஏற்கெனவே இரண்டு. கீழே ஒரு கிழப்பூனை நோயோடு கிடந்தது. அதைக் கூண்டில் வைத்து டாக்சி பிடித்து மருத்துவரிடம் கொண்டுபோனவர் அவர்தான், சொந்தக் காசில். சட்டம் எண்ணிக்கையைச் சொல்லிவிடுகிறது. அதற்குமேல் உள்ள சுமையை இப்படிப்பட்டவர்கள் தலையில் இறக்கிவிட்டு நகர்ந்துவிடுகிறது. பூனைக்கு யார் மணி கட்டுவது என்று இங்கே யாரும் கேட்டதில்லை. கட்டுவது ஆன்ட்டிதான் என்று எல்லாருக்கும் தெரியும்.

நம் கதைகளிலும் இதே நிலைமைதான். பூனை வந்தால் அது யாரோ ஒருவரின் தனிமைக்கு உவமை. நானும் அப்படி ஒன்று எழுதியிருக்கிறேன். அந்தப் பூனைக்கு யார் சோறு வைத்தார்கள் என்று அதில் ஒரு வரிகூட இல்லை.

அந்தச் சிலையை மறுபடி வார்ப்பதாக இருந்தால், காது நுனியை வெட்டி வார்க்கட்டும். பக்கத்தில் ஒரு கூண்டையும் வைக்கட்டும். படம் எடுப்பவர்கள் இது என்னவென்று கேட்பார்கள்.